பசுவின் மடியும் பற்றீரியப் புரதமும்
மடியழற்சித் தடுப்பு மருந்து தேடிய வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தமிழிலே மாடு என்னுஞ் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருளாகும். இலத்தீன் மொழியிலும் கால்நடையைக் குறித்த சொல்லோடு உறவுடையதாகவே பணத்தைக் குறிக்குஞ் சொல் விளங்குகின்றது. கால்நடையே உடைமையாக மதிக்கப்பட்ட ஒரு காலத்தின் சுவடுகள் இவை. உடைமையாக மதிக்கப்படும் உயிருக்கு வரும் நோய் உடையவனின் வாழ்வையுந் தாக்கும். பாற்பசுவைப் பொறுத்தவரையில் அத்தகைய நோய்களுள் முதலிடம் பெறுவது மடியழற்சி ஆகும். மடி வீங்கிச் சிவந்து, பால் திரிந்து, பசு வேதனையுறுவது இந்நோயின் வெளிப்படையான தோற்றம். கறவை மாடுகள் வளர்க்கப்படும் நாடு எதுவாயினும் அங்கே இந்நோயும் உண்டு.

மாடுகளைத் தாக்கிய நோய்கள் பலவற்றைத் தடுப்பு மருந்து வென்றிருக்கின்றது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மந்தைகளை அழித்துவந்த மாட்டுக் கொள்ளைநோய்க்கு, வோல்ரர் பிளௌறைற் கென்யாவில் உருவாக்கிய தடுப்பு மருந்து 1960களிலிருந்து பரவலாகப் பயன்பட்டது. 2011ஆம் ஆண்டிலே அந்நோய் உலகினின்றும் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மடியழற்சியின் கதையோ வேறானது. அதனை உண்டாக்கும் நுண்ணுயிர் இனங்காணப்பட்டு நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதனை முற்றாகத் தடுக்கும் மருந்து இன்னும் கிட்டவில்லை. இத்தாமதத்துக்குக் காரணம் யாது? ஆய்வாளரின் அறியாமை மட்டுந்தானா? அன்றி நோயின் இயல்பும் பாலுற்பத்தியின் பொருளாதாரமும் இதிற் பங்குகொண்டனவா? இவ்வினாக்களை முன்வைத்து, சிறப்பாகப் பற்றீரியப் புரதங்களைக் கொண்டு தடுப்பு மருந்து ஆக்க எடுக்கப்பட்ட முயற்சிகளை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயும் அதன் காரணிகளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதி நுண்ணுயிரியலின் பொற்காலம் எனப்படும். 1881இல் லூயி பாஸ்ரர் பூயி-லெ-ஃபோர் என்னுமிடத்திலே ஆடுமாடுகளுக்கு அந்திராக்சு நோய்த் தடுப்பூசி ஏற்றி, அதன் பயனைப் பலரறிய நிறுவினார். அவரது வழிவந்தவரும் பாரிசுக்கு அண்மையிலுள்ள அல்போர் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆசிரியருமான எட்மண் நொக்கார், மொலரோ என்பவருடன் சேர்ந்து கறவைப் பசுக்களிடையே தொற்றிப் பரவும் மடியழற்சியை ஆராய்ந்தார். 1887இல் வெளியான அவர்களின் ஆய்வு, சங்கிலி போல் அமைந்த ஒரு பற்றீரியாவே அந்நோய்க்குக் காரணமெனக் காட்டியது. அதுவே பின்னர் ஸ்ரெப்ரோகொக்கஸ் அகலக்ரியே எனப் பெயர் பெற்றது.

காலப்போக்கிலே மடியழற்சி ஒரு நோயன்று, பல நோய்களின் பொதுப்பெயர் என்பது தெளிவாயிற்று. ஸ்ரபிலோகொக்கஸ் ஓறியசு, ஈ. கோலி, ஸ்ரெப்ரோகொக்கஸ் யூபெரிசு முதலிய பல பற்றீரியாக்கள் மடியைத் தாக்குவன. இவற்றுட் சில, பால் கறக்குங் கைகள் வழியாகவும் கறவை இயந்திரத்தின் வழியாகவும் பசுவிலிருந்து பசுவுக்குத் தொற்றுவன. வேறு சில தொழுவத்து வைக்கோலிலும் சாணத்திலும் மண்ணிலும் வாழ்ந்து, வாய்ப்பு நேரும்போது முலைக்காம்பின் துளைவழியே நுழைவன. முன்னையவற்றைத் தொற்றுவகை என்றும் பின்னையவற்றைச் சூழல்வகை என்றும் ஆய்வாளர் பிரிப்பர். இப்பிரிவு பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இன்றியமையாதது.

கண்ணுக்குப் புலப்படும் நோயிலும் புலப்படாத நோயே மிகுதி என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. மடியுள் தொற்று ஏற்பட்டதும் வெண்குருதிக்கலங்கள் குருதியிலிருந்து பாலினுள் திரளுகின்றன. 1957இல் கலிபோர்னியாவில் ஷாம், நோர்லாண்டர் ஆகிய இருவரும், பாலோடு ஒரு சவர்க்காரக் கரைசலைக் கலந்து அக்கலங்களின் பெருக்கத்தைத் தொழுவத்திலேயே அறியும் எளிய சோதனையை வெளியிட்டனர். கலங்கள் மிகுந்த பாலை அக்கரைசல் கூழாக்கிவிடும். இன்று ஐரோப்பிய ஒன்றியத்திலே ஒரு மில்லிலீற்றரில் 400,000 கலங்களுக்கு மேற்பட்ட பால் விற்பனைத் தகுதியை இழக்கின்றது. எனவே நோய் வெளித்தெரியாதபோதும் உழவனின் வருவாயை அது அரித்துக்கொண்டேயிருக்கும்.

பெனிசிலின் தந்த ஆறுதல்

பாஸ்ரரின் வழியைப் பின்பற்றி, கொல்லப்பட்ட பற்றீரியாக்களை ஊசிமூலம் ஏற்றி மடியழற்சியைத் தடுக்கும் முயற்சிகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மேற்கொள்ளப்பட்டன. அவை நிலைத்த பயன் தரவில்லை. அவற்றின் தோல்விக்கான காரணங்களை ஆழமாக ஆராயுமுன்னரே வரலாறு வேறொரு திசையிற் சென்றது.

1939இல் நியூயோக்கிலுள்ள றொக்பெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த றெனே டூபோ, மண்ணில் வாழும் ஒரு பற்றீரியாவிலிருந்து கிரமிசிடின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். மனிதருக்கு ஊசியாக ஏற்ற முடியாதவாறு நச்சுத்தன்மை கொண்டிருந்த அப்பொருள், பசுவின் மடியினுள்ளே செலுத்தப்பட்டபோது ஸ்ரெப்ரோகொக்கசுவை அழித்தது. 1940இல் அவரும் உடனாய்வாளரும் அம்முடிவுகளை வெளியிட்டனர். நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் முதன்முதற் பயன்பட்ட களங்களுள் ஒன்று பசுவின் மடி என்பது பலர் அறியாத செய்தியாகும். அதனைத் தொடர்ந்து, போர்க்காலத் தேவையினாற் பேரளவில் உற்பத்தி செய்யப்பட்ட பெனிசிலின் 1940களின் நடுப்பகுதியிலிருந்து கால்நடை மருத்துவத்திலும் புகுந்தது. விலை குறைந்தது, பயன் விரைவிற் கிட்டியது. குழாயிலடைத்த மருந்தை முலைக்காம்பின் வழியே செலுத்த உழவனே பழகிக்கொண்டான். இந்நிலையிலே, ஆண்டுக்கணக்கான உழைப்பையும் பொருட்செலவையும் வேண்டிநின்ற தடுப்பு மருந்து ஆய்வு பின்தள்ளப்பட்டமை வியப்பன்று. ஒரு மருந்தின் வெற்றி இன்னொரு மருந்தின் தேவையை மறைத்துவிட்டது எனலாம்.

ஆயினும் அவ்வெற்றிக்கும் எல்லை இருந்தது. மருந்து கலந்த பாலிலே பாற்கட்டி ஆக்க உதவும் நல்ல பற்றீரியாக்கள் வளரமாட்டா. ஸ்ரபிலோகொக்கஸ் ஓறியசு மடித்திசுவுக்குள்ளே சீழ்க்கட்டிகளிலும் கலங்களுக்குள்ளும் மறைந்து மருந்துக்குத் தப்பியது. பெனிசிலினை அழிக்கும் நொதியத்தையும் அது பெற்றிருந்தது. 1969இல் பிரித்தானியாவில் வெளிவந்த சுவான் அறிக்கை, பண்ணைகளில் நுண்ணுயிர்கொல்லிகளை வரையறையின்றிப் பயன்படுத்துவது மனிதநலத்துக்கும் ஊறு விளைவிக்குமென எச்சரித்தது.

இதே காலத்தில் இங்கிலாந்தின் றெடிங் நகருக்கு அண்மையிலிருந்த தேசிய பாற்பண்ணை ஆய்வு நிறுவனத்திலே, பிராங்க் டொட், பிராங்க் நீவ் முதலியோர் வேறொரு வழியை வகுத்தனர். ஒவ்வொரு முறை கறந்தபின்பும் முலைக்காம்பைக் கிருமிநாசினியில் தோய்த்தல், பால் வற்றுங் காலத்தில் எல்லாப் பசுக்களின் மடியிலும் நீடித்துநிற்கும் மருந்து இடுதல், நோயுற்றவற்றுக்கு உடன் சிகிச்சை அளித்தல், தீராத நோயுள்ள பசுக்களை நீக்குதல், கறவை இயந்திரத்தைச் செம்மையாகப் பேணுதல் ஆகிய ஐந்தும் அதன் கூறுகள். ஐந்தம்சத் திட்டம் எனப்பட்ட இது பெருவெற்றி கண்டது. 1960களில் நூறு பசுக்களுக்கு ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்டதாயிருந்த நோய் நிகழ்வு, 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 40ஆகக் குறைந்தது.

ஆனால் அந்த 40உடன் வீழ்ச்சி பெரும்பாலும் நின்றுவிட்டது. பசுவிலிருந்து பசுவுக்குத் தொற்றும் வகைகளே இத்திட்டத்தினால் அடங்கின. தொழுவத்திலும் மேய்ச்சல் நிலத்திலும் வாழும் ஈ. கோலியும் யூபெரிசும் தூய்மை விதிகளுக்குக் கட்டுப்படவில்லை. மறைந்திருந்த தடுப்பு மருந்தின் தேவை மீண்டும் வெளிப்பட்டமை இந்தப் பின்னணியிலேயாம்.

முழுவுயிரிலிருந்து பகுதிக்கு

புதிய முயற்சிகளுள் முதலிற் பயன் தந்தது ஈ. கோலிக்கு எதிரானது. இப்பற்றீரியாவின் வெளிப்புறத்திலுள்ள சர்க்கரைச் சங்கிலிகள் இனத்துக்கினம் வேறுபடுவன. ஒன்றுக்கு எதிராக உடல் ஆக்கும் பிறபொருளெதிரி மற்றொன்றைத் தடுக்காது. ஜே-5 எனப்படும் விகாரி இனத்திலோ அச்சங்கிலியை ஆக்கத் தேவையான நொதியம் ஒன்று இல்லை. ஆடை களைந்த உடல்போல, பல இனங்களுக்கும் பொதுவான உட்பகுதி அதில் வெளித்தெரிந்து நிற்கின்றது. 1982இல் சான் டியேகோவைச் சேர்ந்த மருத்துவர்கள், இதனைக்கொண்டு பெறப்பட்ட நீர்ப்பாயம் மனிதரின் குருதித் தொற்றில் உதவுவதாக அறிவித்தனர். மனித மருத்துவத்தில் எழுந்த இக்கருத்தை, டேவிசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் பசுவுக்கு ஏற்றினர். 1989இல் அவர்கள் வெளியிட்ட பண்ணைப் பரிசோதனையிலே, ஊசி ஏற்றப்பட்ட பசுக்களில் ஈ. கோலி வகை மடியழற்சி ஏற்றப்படாதவற்றில் இருந்ததன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகவே காணப்பட்டது. பின்வந்த ஆய்வுகள், தொற்றை அறவே தடுப்பதைவிட அதன் கடுமையைத் தணிப்பதிலேயே இம்மருந்தின் பயன் மிகுதி எனக் காட்டின. மடியழற்சியால் இறக்கும் நிலையிலிருந்த பசு பிழைத்துக்கொள்வது உழவனுக்குச் சிறிய பயனன்று.

ஜே-5 மருந்து முழுப் பற்றீரியாவைக் கொன்று ஆக்கப்பட்டது. அதற்கிடையில் உயிரியலிலே பெரும் மாற்றம் நிகழ்ந்திருந்தது. 1970களில் வளர்ந்த பரம்பரையலகுத் தொழில்நுட்பத்தினால், நோய்க்கிருமியின் ஒரே ஒரு புரதத்தை வேறோர் உயிரில் ஆக்கிப் பெறுதல் இயல்வதாயிற்று. 1986இல் மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெப்பற்றைற்றிசு-பி வைரசுக்கு எதிராக அவ்வாறான புரதத் தடுப்பு மருந்து மனிதருக்கு அங்கீகரிக்கப்பட்டது. ஒரு தனிப் புரதம் ஒரு நோயைத் தடுக்குமாயின், மடியழற்சிக்கும் அவ்வாறான புரதம் ஒன்று இருத்தல் வேண்டுமென ஆய்வாளர் எண்ணினர். ஸ்ரபிலோகொக்கசு மடித்திசுவைப் பற்றிக்கொள்ள உதவும் புரதங்கள், ஈ. கோலி இரும்பைக் கவர உதவும் புரதங்கள் எனப் பல இலக்குகள் தெரியப்பட்டன.

இங்கே பசுவின் மடியின் தனியியல்பைக் குறிப்பிடுதல் அவசியமாகின்றது. நலமான மடியிலுள்ள பாலிற் பிறபொருளெதிரிகள் குருதியில் உள்ளதைவிட மிகக் குறைவு. கிருமியை விழுங்கவேண்டிய தின்குழியங்கள் பாலிலுள்ள கொழுப்புத் துணிக்கைகளையும் கேசீனையும் விழுங்கித் தம் ஆற்றலை இழக்கின்றன. அன்றியும், அழற்சியே இங்கு நோயாதலால், அழற்சியைப் பெருக்கிக் கிருமியைக் கொல்லும் மருந்து பாலைக் காக்காது. குருதியிலே போதுமானதாயிருக்கும் காப்பு, பாலிலே போதாமற் போவது இதனாலாகும். ஓகையோவில் நிகழ்ந்த ஒரு பரிசோதனை இதற்குச் சான்று. ஈ. கோலி இரும்பைப் பெற உதவும் ஃபெக்-ஏ என்ற புரதம் பசுக்களுக்கு ஏற்றப்பட்டது. பிறபொருளெதிரிகள் நன்கு தோன்றின. ஆயினும் 2002இல் வெளியான முடிவுகளின்படி நோயின் கடுமை குறையவில்லை. பிறபொருளெதிரி தோன்றுதல் வேறு, காப்புத் தோன்றுதல் வேறு என்பது இதனாற் புலனாயிற்று.

கொம்ற்றன் ஆய்வுகள்

புரதத் தடுப்பு மருந்து வரலாற்றின் மிகச் சிறந்த அதிகாரம் எழுதப்பட்ட இடம் இங்கிலாந்தின் பெர்க்‌ஷயர் மாவட்டத்துக் கொம்ற்றன் கிராமம் ஆகும். அங்கிருந்த விலங்குநல நிறுவனத்திலே ஜேம்ஸ் லீயும் அவரது குழுவினரும் 1990களில் யூபெரிசு பற்றீரியாவை ஆராய்ந்தனர். உயிருள்ள பற்றீரியாவை ஊசிமூலம் பசுவுக்கு ஏற்றினால், அதே இனத்தின் தாக்குதலிலிருந்து மடி காக்கப்படுவது அவர்களின் முற்பட்ட ஆய்வுகளில் தெரியவந்தது. ஆனால் இனம் மாறியபோது காப்பும் குன்றியது. வியப்புக்குரிய இன்னொன்றும் தோன்றியது: காக்கப்பட்ட மடியிலே தின்குழியங்கள் பெருமளவில் திரளாமலே பற்றீரியாவின் பெருக்கம் அடங்கியிருந்தது. அவ்வாறாயின் அதனை அடக்கியது யாது?

விடையைத் தேடிய ஆய்வாளர் அப்பற்றீரியாவின் உணவை நோக்கினர். யூபெரிசு தனக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் பலவற்றைத் தானே ஆக்கிக்கொள்ளும் ஆற்றலற்றது. பாலிலோ கட்டற்ற அமினோ அமிலங்கள் குறைவு. புரதமாகக் கேசீன் நிறைந்துள்ளது. கேசீனைத் துண்டாக்கவல்ல பிளாசுமின் என்ற நொதியத்தின் முன்னோடிப்பொருள் பசுவின் பாலிலேயே செயலற்றுக் கிடக்கின்றது. யூபெரிசு ஒரு புரதத்தைச் சுரந்து அதனைத் தட்டியெழுப்புகின்றது. எழுந்த பிளாசுமின் கேசீனை வெட்ட, வெட்டுண்ட துண்டுகளைப் பற்றீரியா உண்கின்றது. பூட்டிய களஞ்சியத்தின் காவலனைக் கொண்டே கதவைத் திறப்பித்துத் திருடும் கள்வனை ஒத்தது இச்செயல். பௌ-ஏ எனப் பெயரிடப்பட்ட அச்செயலூக்கிப் புரதத்தைத் தடுத்துவிட்டால் பற்றீரியா பட்டினியால் அடங்கும் என்பது கருதுகோள்.

1999இல் வெளியான பரிசோதனை அக்கருதுகோளை உறுதிப்படுத்துவதாகத் தோன்றியது. பௌ-ஏ ஏற்றப்பட்ட பசுக்களின் உடலில் அதன் செயலை நிறுத்தும் பிறபொருளெதிரிகள் தோன்றின. பின்னர் மடியினுள் யூபெரிசு செலுத்தப்பட்டபோது அப்பசுக்கள் குறிப்பிடத்தக்க காப்பைப் பெற்றிருந்தன. கொல்லாமற் பட்டினியிட்டு வெல்லும் புதியதொரு நெறி கிட்டிவிட்டதாகவே கருத இடமிருந்தது.

ஆனால் ஆய்வு அங்கே நிற்கவில்லை. பௌ-ஏ உண்மையிலேயே இன்றியமையாததெனின், அதனை இழந்த பற்றீரியா நோய் உண்டாக்க இயலாது. இதனைச் சோதிக்க, அப்பரம்பரையலகு நீக்கப்பட்ட விகாரியை அதே குழுவினர் ஆக்கி, பசுவின் மடியுட் செலுத்தினர். 2003இல் அவர்கள் வெளியிட்ட முடிவு அவர்களது முன்னைய நம்பிக்கைக்கு மாறாயிருந்தது: செயலூக்கியை இழந்த விகாரியும் பாலில் வளர்ந்தது, நோயையும் உண்டாக்கியது. யூபெரிசின் சில இனங்களில் வேறு வகைச் செயலூக்கி உண்டு என்பதும் அதற்குள் தெரியவந்திருந்தது. தாம் கட்டிய கோட்டையின் அடித்தளத்தைத் தாமே தோண்டிப் பார்த்து, அது தாங்காது என்பதைத் தம் பெயரிலேயே உலகுக்கு அறிவித்தனர். ஒரு புரதம் காப்பளிப்பதாலேயே அது நோய்க்கு இன்றியமையாதது என்று கொள்ளலாகாது என்ற பாடம் இதனாற் கிடைத்தது.

அத்தோல்வியே ஆய்வுமுறையை மாற்றியது. எப்புரதத்துக்குப் பசு பிறபொருளெதிரி ஆக்குகின்றது என்ற வினாவுக்குப் பதிலாக, எப்புரதம் இல்லாவிடிற் பற்றீரியா மடியில் வாழ இயலாது என்ற வினா முன்வைக்கப்பட்டது. அதே 2003இல் எம்ரியூ-ஏ என்ற புரதம் பற்றிய முடிவும் வெளியாயிற்று. பாலிலிருந்து மாங்கனீசைப் பெற உதவும் அப்புரதத்தை இழந்த யூபெரிசு மடியிலே தொற்றை உண்டாக்கவில்லை. 2009இல் யூபெரிசின் முழுப் பரம்பரைத் தொகுதியும் வெளியிடப்பட்டது. 2010இல், பற்றீரியாவின் மேற்பரப்பிலே சில புரதங்களைப் பிணைத்துவைக்கும் நொதியத்தை நீக்கினால் நோயுண்டாக்கும் ஆற்றல் பெரிதுங் குன்றுவது காட்டப்பட்டது. இவ்வாறு தேடலின் எல்லை சுருங்கி, குறி தெளிவாயிற்று.

இன்றைய நிலை

ஆய்வுகூடம் ஒரு தனிப் புரதத்தைத் தேடிக்கொண்டிருக்க, சந்தைக்கு முந்திவந்தவை வேறு வகையின. 2009இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் உரிமம் பெற்ற ஸ்ரார்ட்வக் என்ற ஸ்பானிய மருந்து, கொல்லப்பட்ட ஜே-5 ஈ. கோலியையும் ஸ்ரபிலோகொக்கஸ் ஓறியசின் ஓர் இனத்தையும் கொண்டது. யூபெரிசுக்கு எதிராக 2018இல் அங்கு உரிமம் பெற்ற யூபக் என்ற மருந்தின் செயற்கூறாகக் குறிக்கப்படுவதும் புரதமன்று. பற்றீரியாவின் சுவரோடு இணைந்த லிப்போரைக்கோயிக் அமிலமாகும். ஐக்கிய அமெரிக்காவிலோ, கிளெப்சியெல்லா என்ற பற்றீரியா இரும்பைக் கவர உதவும் புரதங்களைக்கொண்டு ஆக்கிய தடுப்பு மருந்து பண்ணைகளிற் பரிசோதிக்கப்பட்டு, 2018இல் அதன் முடிவுகள் வெளியாயின. ஒற்றைப் புரதத்திலன்றிப் பல புரதங்களின் கூட்டிலேயே நம்பிக்கை வைக்கும் போக்கினை இது காட்டுகின்றது.

இம்மருந்துகள் எவையும் முழுக்காப்புத் தருவனவல்ல. தூய்மையும் நல்ல கறவைமுறையும் இல்லாதவிடத்து அவை பயன்படமாட்டா. எனினும் அவற்றின் தேவை முன்னிலும் மிகுந்துள்ளது. 2022 ஜனவரி 28 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் சட்டம், நோயில்லாத விலங்குகளுக்கு நுண்ணுயிர்கொல்லிகளை வழக்கமாக இடுவதைத் தடுக்கின்றது. ஐந்தம்சத் திட்டத்தின் ஒரு தூணாக விளங்கிய, பால் வற்றுங் காலத்தில் எல்லாப் பசுக்களுக்கும் மருந்திடும் முறை அங்கே இதனால் நீங்குகின்றது. அத்தூணை எடுத்துவிடும்போது சுமையைத் தாங்குவது எது என்பதே இன்றைய வினா.

முடிவாக நோக்குமிடத்து, மடியழற்சித் தடுப்பு மருந்தின் தாமதத்துக்குக் காரணங்கள் இரண்டு எனலாம். ஒன்று பொருளாதாரஞ் சார்ந்தது. மலிவாகவும் விரைவாகவும் பயன் தந்த பெனிசிலின், தடுப்பின் தேவையை ஒரு தலைமுறைக் காலம் மறைத்தது. ஆய்வு அறிவின் தூண்டலால் மட்டுமன்றிப் பண்ணையின் இலாபநட்டக் கணக்காலும் நெறிப்படுத்தப்படுகின்றது. மற்றையது இயற்கை சார்ந்தது. குருதியைக் காக்கும் வழி பாலைக் காக்கப் போதாது. ஒரு நோய்க்கு ஒரு மருந்து என்ற எண்ணம் பல கிருமிகள் குடிபுகும் ஓர் உறுப்பின் முன்னே தோற்றது. இவ்விரண்டையும் அறிந்துகொள்ளும் வாயிலாக அமைந்தவை வெற்றிகளிலும் பார்க்கத் தோல்விகளே. ஃபெக்-ஏயின் பயனின்மையும் பௌ-ஏயின் பொய்த்த கருதுகோளும் மறைக்கப்பட்டிருப்பின், பின்வந்தோர் அதே வழியிற் பல்லாண்டு உழன்றிருப்பர். அவை வெளியிடப்பட்டமையாலேயே வினா திருந்தியது. வினா திருந்தியபின் விடை தொலைவில் இருப்பினும் அதற்குச் செல்லும் வழி ஒன்றுண்டு. கறவைப் பசுவின் வேதனை குறைவதும் அதனை நம்பி வாழ்வோரின் வருவாய் நிலைபெறுவதும் மனிதருக்கு வேண்டிய மருந்துகள் பண்ணையில் வீணாகாதிருப்பதும் அவ்வழியின் முடிவைப் பொறுத்தனவாகும்.